மறு: லைன் எண்டிங்குக்கு ஒரு சொல்லு வேணும், வெள்ளிக்கிழமை பிரிண்டு

வணக்கம் ஐயா, டீச்சர், எல்லாருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்பு ஏட்டுல இந்த ஒரு பக்கம்தான் நிக்குது, லைன் எண்டிங்குக்கு, அதாவது ஒவ்வொரு வரி முடிவுலயும் கம்ப்யூட்டர் வைக்கிற குறிக்கு, தமிழ்ச் சொல்லு முடிவாகல. பிரச்சன இதுதான்: பிள்ளைங்க விண்டோஸ் நோட்பேட்ல சொற்பட்டியல் அடிச்சு லினக்ஸுக்குக் கொண்டாருதுங்க, சொல்லு தேடுற கிரெப் கட்டளையில 'மரம்' போட்டுப் பின்னாடி டாலர் குறி (வரி அதோட முடியணும்னு அர்த்தம்) வச்சுத் தேடினா ஒண்ணுமே வரல, டாலர எடுத்தா எல்லாம் வருது. விண்டோஸ் வரிக்கடைசியில 13, 10னு ரெண்டு பைட் வைக்கும், லினக்ஸுக்கு 10 மட்டும் போதும், அதனால அந்த 13 வரியோட கடைசி எழுத்தா ஒட்டிக்குது.

> 'வரி'ன்னா வருமான வரி. செய்யுள் மரபுப்படி 'அடியீறு'தான். (பிறை ஐயா)

யாப்புக்கு அடி சரி ஐயா, இங்க வெறும் சொற்பட்டியல்தான இருக்கு. ஆனா உங்க 'ஈறு' ரொம்பப் பிடிச்சிருக்கு, விட மாட்டேன். மகர ஈறு, உயிர் ஈறுன்னு புணர்ச்சி படிச்ச பிள்ளைக்கு 'வரியீறு' உடனே புரியும், 13ஐ நீக்குறதையும் 'ஈறு கெடுத்தல்'னே சொல்லலாம், மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகுறப்ப மகரம் கெடுது இல்லையா.

> ஈறுன்னா பல்லு ஈறுன்னுதான் நெனைக்கும். எண்டர்னே போடுங்க. (டீச்சர்)

டீச்சர், எண்டர் நாம தட்டுற பட்டன். அதத் தட்டினா ஒரு இடத்துல ரெண்டு பைட் விழுது, இன்னொரு இடத்துல ஒண்ணு, பாடமே அந்த வித்தியாசம்தான். பழைய டெலிடைப்ல 13 வந்தா அச்சுத்தலை இடது ஓரத்துக்குத் திரும்பும், 10 வந்தா அடுத்த வரிக்கு இறங்கும். அதனால 13 'மீள்குறி', 10 'இறங்குகுறி'.

இன்னொண்ணும் கட்டாயம் ஏட்டுல வரணும். ஃபைல்ல இருக்கிறதத் திரையில காட்டுற கேட் கட்டளையில பெரிய ஏ (cat -A) போட்டா மீள்குறி கூரைக்குறியும் எம்முமா (^M) தெரியும்னு சொல்லித் தர்றோம், தமிழுக்கு அது ஏமாத்தும். எழுத்த பைட்டா மாத்தி வைக்கிற யூடிஎஃப்-8 முறையில நம்ம மெய்யெழுத்துப் புள்ளியோட கடைசி பைட் 141, அதாவது 128ம் 13ம், அதுவும் அதே கூரையும் எம்முமாத்தான் தெரியும், முன்னாடி இன்னொரு எம்மும் சின்னக் கோடும் கூட நிக்கும், அவ்ளோதான். 'மரம்' புள்ளியில முடியிற சொல்லு, அப்ப சுத்தமான ஃபைல்லகூட மீள்குறி இருக்குன்னு பிள்ளைங்க மயங்கிடும். 'ஃபைல்'ங்கிற (file) கட்டளைய ஓட்டச் சொல்லுங்க, மீள்குறி இருக்கான்னு அது நேரடியா சொல்லிடும். மீள்குறிய நீக்க டாஸ்டுயூனிக்ஸ் (dos2unix) கட்டளை போதும்.

---
பிறை ஐயா:

வரியீறு சரி, அடியப் பத்தி இனிப் பேசல. ஆனா மீள்குறி தப்பு. வினைத்தொகைய விரிச்சா மீளும் குறின்னு ஆகுது, குறியா மீளுது? அது தலைய மீட்குது. 'மீட்புக்குறி'.

---
டீச்சர்:

மீட்புன்னா பிள்ளைங்க தீயணைப்பு மீட்புப் படை பொம்பாவத்தான் நெனைக்கும் ஐயா. வரியீறு, மீள்குறி ரெண்டையும் ஏட்டுல போட்டுக்குங்க, மத்தவங்களும் அதுக்குத்தான் சரின்னுட்டாங்க. வகுப்புல நான் எண்டர்லேர்ந்துதான் ஆரம்பிப்பேன்.

---
பிறை ஐயா:

என் மறுப்ப அடிக்குறிப்புலயாவது போடுங்க.