ஏற்காடு மலைப்பாதை எச்சரிக்கைச் செய்தி: சோதனையும் உண்மை அறிவிப்பும் ஒரே பட்டியலில் இருக்கலாமா?

கேட்பவர்: கோரிமேடு

நண்பர்களுக்கு வணக்கம். ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ, பள்ளி வேன் ஓட்டுநர்களுக்கும் பெற்றோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு வலைத்தளத்தைச் சிறு குழுவாக உருவாக்கிவருகிறோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் பாதை சரிந்து போக்குவரத்து நின்றபோது, மாற்றுப் பாதையான குப்பனூர் வழியாவது திறந்திருக்கிறதா என்று ஆளாளுக்குத் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தோம். அப்போது தோன்றிய எண்ணம் இது.

இப்போதைய வடிவத்தில் ‘சாலை மூடல் – சோதனை’, ‘சாலை மூடல்’, ‘சாலை திறப்பு’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு பட்டியல் விரியும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ‘நிச்சயமாக அனுப்ப வேண்டுமா?’ என்று கேட்கும். இந்தக் கேள்வியே போதும் என்கிறார் குழுவில் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதை இயக்கப்போகிறவர் இரவுப் பணியில் தனியாக இருக்கும் காவலாளியாகவும் இருக்கலாம். உங்கள் கருத்து என்ன?

மறுமொழி: காவிரிக்கரை

உங்கள் ஐயம் நியாயமானது. ஏறத்தாழ இதே அமைப்புதான் 2018 ஜனவரி 13 காலை 8.07 மணிக்கு ஹவாய் மாநிலத்தையே கலங்கடித்தது. ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடம் தேடுங்கள், இது பயிற்சி அல்ல என்ற செய்தி கைப்பேசிகளுக்குப் போய்விட்டது. அது தவறு என்ற அடுத்த செய்தி வர 38 நிமிடங்கள் ஆயின. அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் விசாரித்தபோது, சோதனைக்கும் உண்மை அறிவிப்புக்கும் ஒரே உள்நுழைவு இருந்ததும், அனுப்புமுன் கேட்கப்பட்ட கேள்வியும் இரண்டுக்கும் ஒரே வாசகமாக இருந்ததும் தெரியவந்தன. சோதனையின்போதெல்லாம் ‘ஆம்’ என்று அழுத்திப் பழகிய விரல், உண்மையான நாளில் மட்டும் நின்று படித்துப் பார்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எனவே உங்கள் கேள்வி விளைவைச் சொல்ல வேண்டும்: ‘இது உண்மை அறிவிப்பு, பெற்றோர், ஓட்டுநர் அனைவருக்கும் இப்போதே போய்ச் சேரும்.’ சோதனையை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, வேறு முகவரியில், வேறு கடவுச்சொல்லோடு வையுங்கள். அதுவும் போதாது. கனடாவின் ஒன்டாரியோவில் 2020 ஜனவரி 12 அன்று பிக்கரிங் அணுமின் நிலையம் பற்றிய தவறான எச்சரிக்கை போனதற்குக் காரணம், பயிற்சித் தளத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டு பணியாளர் உண்மைத் தளத்தில் இருந்ததுதான். என்னைக் கேட்டால், இரண்டு தளங்களையும் வேறுபடுத்திக் காட்டப் பின்னணி நிறத்தை மாற்றுவதைவிட, சோதனைத் தளத்தில் பெற்றோரின் எண்களே இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் உறுதியான காப்பு.

மறுமொழி: ஒண்டிக்கடை வாசி

ஹவாய் நிகழ்வைத் தவறான பொத்தானை அழுத்திய கதையாக மட்டும் சொல்வது முழு உண்மையாகாது. பணிமாற்ற நேரத்தில் நடந்த பயிற்சியில், பதிவுசெய்த குரலில் ‘பயிற்சி’ என்ற சொல்லும் இருந்தது, ‘இது பயிற்சி அல்ல’ என்ற தொடரும் இருந்தது. முன்னதைத் தாம் கேட்கவில்லை என்றும், தாக்குதல் உண்மை என்று நம்பியே அனுப்பியதாகவும் அந்தப் பணியாளர் தெரிவித்தார். அப்படி நம்பியவரிடம் எத்தனை முறை கேட்டாலும் ‘ஆம்’ என்றுதான் சொல்வார்.

நான் குறையாகக் காண்பது அதற்குப் பின் நடந்ததை. ஐந்து நிமிடத்துக்குள் ரத்து ஆணை கொடுத்துவிட்டார்கள்; ஆனால் அது மேற்கொண்டு பரவுவதை நிறுத்தியதே தவிர, ஏற்கெனவே செய்தி பெற்றவர்களுக்கு எதையும் சொல்லவில்லை. ‘முந்தைய செய்தி தவறு’ என்ற வாசகம் முன்கூட்டித் தயாராக இல்லாததால், அதை அப்போதுதான் உருவாக்க வேண்டியிருந்தது. மூன்றே நாள் கழித்து ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே இதே போன்ற தவறான அறிவிப்பை வெளியிட்டு, சுமார் ஐந்து நிமிடங்களில் திருத்திவிட்டது.

மறுமொழி: சூரமங்கலம்

மேலே சொன்னது நம் ஊரில் இன்னும் கூர்மையாகப் பொருந்தும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி, மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்தியின் டெம்ப்ளேட்டை (மாதிரி வாசகத்தை) தொலைபேசி நிறுவனங்களின் பதிவுத் தளமான டிஎல்டியில் முன்பே பதிவுசெய்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். பதிவில் இல்லாத வாசகம் வழியிலேயே தடுக்கப்படும். திருத்தச் செய்தியை இன்றே பதிவுசெய்யாவிட்டால், தேவைப்படும் இரவில் அதை அனுப்பவே முடியாது.

இன்னொன்று, தமிழ்க் குறுஞ்செய்தியின் ஒரு துண்டுக்கு 70 எழுத்திடங்களே உண்டு; மிஞ்சினால் அது இரண்டாகப் பிரியும். ‘டு’ என்பதே இரண்டு இடம் பிடிக்கும். ‘ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிவு ஏற்பட்டுள்ளதால் அடிவாரத்திலிருந்து’ என்று எழுதும்போதே இடம் ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது. போகலாமா கூடாதா என்ற வினைச்சொல் இனிமேல்தான் வர வேண்டும். இரண்டு துண்டும் சேர்ந்தே வந்தாலும், பூட்டிய திரையில் ஓட்டுநர் காண்பது முதல் வரியைத்தான். ஆகவே ‘சாலை மூடல்’ என்று தொடங்குங்கள். அனுப்பும் திரையிலும், அந்த முதல் வரி கைப்பேசியில் எப்படித் தெரியுமோ அப்படியே காட்டுங்கள்.

கேட்டவர்: கோரிமேடு

மூவருக்கும் நன்றி. ஹவாயில் பிறகு இருவர் ஒப்புதல் முறையைக் கொண்டுவந்தார்கள் என்று படித்தேன். இரவில் ஒருவரே இருக்கும் இடத்தில் அது நடக்குமா?

மறுமொழி: ஒண்டிக்கடை வாசி

எல்லாவற்றுக்கும் இருவர் வேண்டியதில்லை. மூடாத சாலையை மூடியதாக அறிவித்தால் சிலருக்கு அலைச்சலோடு போகும். மண் சரிந்து கிடக்கும் சாலையைத் திறந்ததாக அறிவித்தால் வேன் மேலே ஏறிவிடும். எனவே மூடலை ஒருவரே அனுப்பட்டும். திறப்புக்கு மட்டும் இரண்டாமவரின் கைப்பேசிக்கு ஓடிபி போகும்படி செய்து, அதைத் தனித் திரையில் வையுங்கள். மூடலுக்கு அடுத்த வரியில் அது இருக்கவே கூடாது.