திருவிருந்துக் கிண்ணம் கழுவுவதும் ஊழியம்தானா?

களியக்காவிளை வயர்மேன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஆறு வருஷமாக எங்கள் சபையில் என் வேலை இதுதான்: திருவிருந்து (இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து அப்பமும் ரசமும் பகிர்வது) உள்ள ஞாயிறுகளில் ஆராதனை முடிந்ததும் அந்தச் சின்னக் கிண்ணங்களை வெந்நீரில் கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்குவது, நூற்றெண்பது வரும், அப்புறம் நடக்கமுடியாத இரண்டு பாட்டிமாரை ஒவ்வொருவராக ஸ்கூட்டரில் வீட்டில் கொண்டுவிடுவது. யாரும் சொல்லி நான் செய்யவில்லை. போன மாதம் கன்வென்ஷனில் ஒரு பிரசங்கியார், ஒரு ஆத்துமாவையாவது ஆதாயப்படுத்தாதவன், அதாவது ஒருவரையாவது இயேசுவிடம் கொண்டுவராதவன், கனியில்லாத அத்திமரம் என்று முழங்கிவிட்டுப் போனார் (அந்த மைக்குக்கு லைன் இழுத்தது நான்தான்). அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாட்சி சொல்லச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் நான். நான் செய்வது ஊழியமா, வெறும் எடுபிடி வேலையா?

மார்த்தாண்டம் பழைய வாத்தியார்:
தம்பி, பைபிளில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். எருசலேமில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகளைத் தினசரிப் பந்தியில் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு. தமிழ் ஆராதனை எத்தனை மணிக்கு, மலையாள ஆராதனை எத்தனை மணிக்கு என்று கமிட்டியில் சண்டை போடுகிற நமக்கு அந்த முறுமுறுப்பு நன்றாகவே புரியும்! அந்தப் பந்தியைப் பார்க்க ஏழு பேரைத் தேடினார்கள். நற்சாட்சி வேண்டும், பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்திருக்க வேண்டும் என்றார்கள். சோறு போடுகிறவனுக்கு இவ்வளவு தகுதி கேட்டிருக்கிறார்கள், பாருங்கள். இன்னொன்று, பந்தி விசாரிப்பதற்கும் வசனம் போதிப்பதற்கும் அந்த அதிகாரத்தில் கிரேக்கத்தில் இருப்பது ஒரே வேர்ச்சொல், தியாகோனியா. தமிழில் ஒன்றை விசாரணை என்றும் மற்றதை ஊழியம் என்றும் வாசித்துப் பழகியதால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று நமக்குள் பதிந்துவிட்டது. பிற்பாடு சபையின் முதல் இரத்தசாட்சியாக மரித்த ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர்.

பாறசாலை பையன்:
நான் கத்தோலிக்கன், இருந்தாலும் சொல்கிறேன். பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவினதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார், 2016-இலிருந்து பெண்களையும் உட்கார்த்தலாம் என்று ரோமிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. எங்கள் ஊரில் எல்லாரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வந்து உட்காருவார்கள். அழுக்குக் காலை யாரும் நீட்ட மாட்டார்கள். உங்கள் கிண்ணத்திலாவது உண்மையான அழுக்கு உண்டு!

நெய்யூர் ஆஸ்பத்திரி என்றால் 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் பெயரைத்தான் எல்லாரும் சொல்வார்கள். பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அங்கே வயிற்று ஆபரேஷனுக்குக் கிடந்த எங்கள் தாத்தா, ராத்திரி எழுந்து தனக்குக் கஞ்சி ஊட்டின ஒரு ஆளைத்தான் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அருமனை அக்கா:
தம்பி, எல்லாரும் தட்டிக்கொடுக்கிறார்கள், நான் கொஞ்சம் குத்துகிறேன், கோபப்படக்கூடாது. இருபது வருஷம் பெண்கள் ஐக்கியத்தில் சோறு ஆக்கினவள் நான். அந்த இருபது வருஷமும் வீட்டில் மாமியாருக்கு ஒரு கட்டன் சாயா முகம் கோணாமல் கொடுத்ததில்லை. கோயில் அண்டாவைத் தேய்ப்பது லேசு, அண்டா பதில் பேசாது. கிண்ணமும் அப்படித்தான். இயேசு கழுவின கால்களில் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசின் காலும் இருந்தது, அவன் அதற்கப்புறம்தான் எழுந்து வெளியே போனான். நீங்கள் கழுவுவது ஊழியமா என்று என்னைக் கேட்டால், ஊழியம்தான். ஆனால் எந்தக் காலுக்குப் பயந்து இந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். எனக்கு என் மாமியார் இருந்தார். உங்களுக்கு யாரும் இல்லை என்றால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

களியக்காவிளை வயர்மேன்:
அக்கா, இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாகத்தான் இருந்தேன். அண்ணனோடு எனக்கு வேலித் தகராறு, மூன்று வருஷமாகப் பேச்சில்லை. அவர் வீட்டில் பல்பு மாற்றக்கூட வெளியாள் வருகிறான், நான் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நேற்று ராத்திரி இடியும் மழையும். எங்கள் வரிசையில் அவர் வீடு மட்டும் இருட்டு. டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். மெயினில் ஃபியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான், ஐந்து நிமிஷ வேலை. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை, டார்ச்சை மட்டும் என் கைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது மதினி சாயா கொண்டுவந்தார். சீனி போடவில்லை. எனக்கு ஷுகர் வந்தது போன வருஷம்தான், அவர்களுக்கு யார் சொன்னார்களோ.