புதுப்பிப்பு: முதல் சுருட்டில் தலைசுற்றல், இரண்டாவதில் இல்லை

முதல் சுருட்டிலேயே தலைசுற்றிக் குமட்டியது, புதியவன் எதை வாங்குவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கனெக்டிகட் வகைப் புகையிலையை மேலிலையாக (வெளியே சுற்றும் இலை) சுற்றிய, காரம் குறைந்த 5 அங்குல ரொபஸ்டோ (குட்டையான, தடித்த சுருட்டு) வாங்கினேன். சாப்பிட்ட பிறகே பற்றவைத்தேன். ஆனால் உண்மையில் கைகொடுத்தது, ‘நிமிடத்துக்கு ஒரே இழுப்பு, புகை நெஞ்சுக்குள் போகக் கூடாது’ என்ற யோசனைதான். அன்று சிகரெட்போல் விடாமல் இழுத்திருக்கிறேன். சூடேறிக் கசந்ததும் அதனால்தான். இம்முறை வெளிர்ச்சாம்பல் ஓர் அங்குலம் உதிராமல் நின்றது, நாக்கில் வறுத்த பாதாமின் சாயல்.

எதிர்பாராதது: வாயில் வைக்கும் முனையை அதிகமாக வெட்டிவிட்டேன், மேலிலை பிரிந்து உதட்டில் ஒட்டியது. 2 மி.மீ. போதும். கடைசி மூன்றிலொரு பங்கில் காரம் ஏறியது. நசுக்காமல் அப்படியே வைத்தேன், தானாக அணைந்தது.