பபிளில் ஏஸ்-9: பட்டன் ஆல்-இன் போட்டால் காலா, ஃபோல்டா?

புதுச்சீட்டு:
போக்கர் டோர்னமென்ட், இப்போ பபிள்: 10 பேர் மிச்சம், 9 பேருக்குப் பரிசு, இன்னும் ஒருத்தர் வெளியே போனா மத்த எல்லாருக்கும் பரிசு. ரெண்டு டேபிள், டேபிளுக்கு 5 பேர். பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா வைக்கிற சிப்; சிறுசு ஸ்மால், பெருசு பிக்) 1,000/2,000, பிக் பிளைண்ட் கூடுதலாப் போடுற ஆன்டி 2,000. நான் பிக் பிளைண்ட், கையில் ஏஸ்-9, சூட் (சீட்டு ஜாதி) வேற வேற. இந்தக் கை தொடங்கும்போது என் ஸ்டாக் (மொத்த சிப்) 28,000. பிளைண்டும் ஆன்டியும் போகக் கையில் 24,000. பட்டன் (டீலர் இடத்தில் இருப்பவர்) தன்னோட 20,000-ஐயும் தள்ளிட்டார், அதாவது ஆல்-இன்; ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட் (சீட்டை விட்டுட்டார்). பக்கத்து டேபிளில் ரெண்டு பேர்கிட்ட ஆளுக்கு 6,000தான். கால் பண்ணலாமா (ஈடா சிப் போட்டு ஆடலாமா)?

கணக்குப்பிள்ளை:
முதல்ல வெறும் சிப் கணக்கு. பாட்-டில் (நடுவில் சேர்ந்த சிப்பில்) 20,000 + 2,000 + 1,000 + 2,000 = 25,000. இன்னும் போட வேண்டியது 18,000. 18,000-ஐ, அதையும் சேர்த்த 43,000-ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 42%. அவ்வளவு தடவை ஜெயிச்சாலே நஷ்டமில்லை.

அவர் கைகளில் (கிடைக்கிற ரெண்டு சீட்டுகளில்) சிறந்த 20% வந்தாத் தள்ளுறார்னு வைங்க: 5-5க்கு மேல் ஜோடிகள், சூட் சேர்ந்த எல்லா ஏஸ், ஏஸ்-8க்கு மேல், கிங்-10க்கு மேல், குயின்-ஜாக் மாதிரி. இதுக்கு எதிரே ஏஸ்-9 சுமார் 46%. சிப் மட்டும்னா கால்.

ரிவர்ராஜா:
அந்த 42% பபிளில் செல்லாது. தோத்தா மிஞ்சுறது 6,000, அதாவது 3 பிளைண்ட். ஜெயிச்சா 49,000, ஆனா ஸ்டாக் இரட்டிப்பானா பரிசு மதிப்பும் இரட்டிப்பாகாது. இழக்கிற சிப் ஒவ்வொண்ணுக்கும் 1.5 மடங்கு எடை போட்டுப் பாருங்க: 18,000 × 1.5 = 27,000; அதோட பாட்டின் 25,000 சேர்த்தா 52,000. 27,000-ஐ 52,000-ஆல் வகுத்தா 52%. உங்ககிட்ட இருப்பது 46. ஃபோல்ட். (1.5 ஒரு உத்தேசம்தான். பரிசுப் பட்டியலையும் எல்லார் ஸ்டாக்கையும் ஐசிஎம், அதாவது சிப்பைப் பரிசு மதிப்பா மாத்துற கால்குலேட்டர்ல போட்டா சரியான எண் வரும்.)

இன்னொண்ணு, 5 பேர் டேபிளில் ஒரு சுற்றுக்கு 5,000 செலவு. அந்த 6,000காரங்க அடுத்த அஞ்சு கைக்குள்ள எதையாவது வச்சுத் தள்ளியே ஆகணும். 24,000 வச்சுக்கிட்டு அவங்க வெளியே போறதுக்கு முன்னாடி நீங்க ஏன் உங்க ஸ்டாக்கைப் பணயம் வைக்கணும்?

புதுச்சீட்டு:
நான் கால் பண்ண மாட்டேன்னு தெரிஞ்சே அவர் 40% கைகளைத் தள்ளினா?

கணக்குப்பிள்ளை:
அப்போ ஏஸ்-9 சுமார் 54% வரும். 52-ஐத் தாண்டுது, ஆனா நூலிழைதான். அவர் 40% தள்ளுறார்ங்கிறது ஊகம். அது 30 ஆனாலே லாபம் காணாமப் போயிடும். கண்ணால பார்த்த ஆதாரம் இருந்தா மட்டும் கால்.

நள்ளிரவுபட்டன்:
இதே கையோட, இதே 20,000 ஸ்டாக்கோட நீங்க பட்டனில் இருந்து, முன்னாடி எல்லாரும் ஃபோல்ட் பண்ணியிருந்தா தயங்காம ஷவ் (ஆல்-இன் தள்ளுங்க). தள்ளுறவருக்கு ரெண்டு வழியில் ஜெயம்: எல்லாரும் விட்டா, இல்ல கை பெருசா இருந்தா. கால் பண்றவருக்கு ஒண்ணுதான். பிக் பிளைண்ட் கால் பண்ணி, உங்க கைக்கு 35%தான் இருந்தாலும், 43,000 பாட்டில் உங்க பங்கு 15,050; சராசரி நஷ்டம் 4,950. எல்லாரும் விட்டா லாபம் 5,000. பாதி தடவை ரெண்டு பேரும் விட்டாலே சரிக்குச் சரி. ஆளுக்கு 20% கால் பண்ணினாலும் 64% தடவை ரெண்டு பேரும் விட்டுடுவாங்க.

பலர் சறுக்குற இடம் இதுதான்: தள்ளுறதுக்கான அட்டவணையை மனப்பாடம் பண்ணிட்டு, அதையே கால் பண்ணவும் எடுத்துப் பார்க்கிறது.

ரிவர்ராஜா:
ஒரு எச்சரிக்கை. இது சாட்டிலைட்டா (பெரிய டோர்னமென்டுக்கு டிக்கெட் தர்ற போட்டி), 9 பேருக்கும் ஒரே மாதிரி டிக்கெட்தானா? அப்படின்னா இந்த இடத்துல ஏஸ்-கிங் இருந்தாக்கூட ஃபோல்ட் பண்ணிடுங்க. 49,000-க்கும் 24,000-க்கும் கிடைக்கிறது அதே டிக்கெட்.