கல்லடி வாவிக்கரையில போத்தல் மீன்: கண்டனமா, சோடனையா?

கல்லடிப்பாலம்:
மட்டக்களப்பு வாவிக்கரையில பிளாஸ்டிக் குப்பைக்கு எதிரா வைக்கப்போற சிற்பத்துக்குத் திட்டம் இதுதான். 10 அடி நீளம், 4 அடி உயரத்தில ஒரு மீன், முழுக்க 500 மில்லி வெறும்போத்தல். அடிப்பக்கம் வெளிய பார்க்கிற மாதிரி அடுக்கினா ரெண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய 1100 போகும். சட்டத்துக்கு 10 மி.மீ. கம்பி, விலாவுக்கு அடிக்கொரு 6 மி.மீ. கம்பி, மேல ஒன்றரை இஞ்சிக் கண் வலை. கட்டுக்கம்பி வேணாம், உப்புக்காத்துக்குத் துருப்பிடிச்சு அறுந்திரும். குளூ கன் பசை மத்தியான வெயிலுக்கு இளகிரும். போத்தல் கழுத்தை வலைக்கண்ணுக்குள்ள விட்டு, உள்பக்கமாப் பழைய செருப்பு றப்பர்ல வெட்டின வளையம் ஒண்டு போட்டு மூடியை இறுக்கினாப் போதும். ஒரு செருப்புக்கு 10 வளையம். கரையில செருப்புக்குப் பஞ்சமா?
நம்மட ஊர் வாங்கிக் குடிச்சு வீசினதை நம்மட வாவி மீனாவே நிப்பாட்டுறம். இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்?

பன்பாய்:
விளக்கம் வேணாம், செல்பி எடுப்பாங்க. அவ்வளவுதான் நடக்கும்.
ஒரு போத்தல் 18 கிராம் என்டு வைங்க, 1100க்கு 20 கிலோ. அது பழைய சாமான் கடைக்காரர் நிறுத்துக் காசு குடுக்கிற சரக்கு. ஒருத்தரும் தொடாதது பைக்கற்று: பால்மா, மிளகாய்த்தூள், பிஸ்கட் உறை. பிளாஸ்டிக் படலத்தை அலுமினியத்தோட ஒட்டினது, பிரிக்க ஏலாது. 2021 மார்ச் 31ல 20 மில்லி, 20 கிராம் வரைக்குமான பைக்கற்றுக்குத் தடை வந்திச்சு. உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு. வாய்க்கால்ல கிடக்கிறது முக்காலும் அந்த விலக்குத்தான்.
அதைப் பன்புல்லுப் பாய் மாதிரி இழைக்கலாம். 6க்கு 8 செ.மீ. பைக்கற்றை மூணா மடிச்சா 2 செ.மீ. அகல ஓலை. ஒண்டுக்குள்ள ஒண்டை 2 செ.மீ. செருகி நீட்டணும். 3க்கு 6 அடிப் பாய்க்கு 2700 அளவில வேணும். மடிப்பு விரிஞ்சு வரும், துணி போட்டுக் குறைஞ்ச சூட்டில அயன் பிடிங்க. சூடு கூடினாப் படலம் சுருங்கிப் பொக்களிக்கும். கரையைத் தைக்கக்குள்ள ஒரு தையலின் நீளம் 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது, குறைஞ்சா தபால் முத்திரை கிழியிற மாதிரி அந்தக் கோட்டாலயே கிழியும். பால்மா உறையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாட்டி எறும்பு பாயோட குடியிருக்கும்.

கல்லடிப்பாலம்:
பாய் வேலை அழகு, மறுக்கல்ல. ஆனா 20 அடி தள்ளி நிண்டு பார்த்தா அது வெறும் மினுக்கம். மீன் பாலத்தில போற பஸ்ஸுக்கும் தெரியும்.

மாரிமழை:
ரெண்டு பேரும் மழையை மறந்திட்டீங்க. மீன்ட முதுகில போத்தலின் அடி வானத்தைப் பார்க்கும். அந்தக் குழியில தண்ணி நிண்டா ஒரு கிழமை, பத்து நாளில டெங்கு நுளம்பு பறக்கும், பின்னால பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார். அடியில மட்டும் துளை போட்டா தண்ணி உள்ள இறங்கிப் போத்தலே நிரம்பும், பாரத்துக்கு வலை தொங்கும். மூடியிலயும் 3 மி.மீ. துளை வேணும். துளையே இல்லாட்டி பகல் சூட்டில போத்தல் உப்பி, இரவில சப்பும்.
வெயிலில கிடந்தாப் போத்தல் மங்கி நொறுங்கும். தூள் போற இடம் வாவி. வாவியைக் காப்பாத்த வைச்ச மீன் வாவிக்குள்ளேயே பிளாஸ்டிக் தூவுறது என்ன கண்டனம்? கச்சான் எண்ட வறண்ட தென்மேல் காத்துக் காலத்தில வைச்சு, வடகீழ்ப் பருவமழைக்கு முன்ன கழட்டுங்க. பெயின்ற் அடிக்கவே வேணாம், அடிச்சாப் பிறகு கடைக்காரரும் எடுக்கமாட்டார்.

சாகாமத்தான்:
அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில யானை செத்தது போத்தலால இல்ல. சோத்து மணத்தோட கிடந்த பொலித்தீனைத் திண்டு. 8 வருசத்தில 20 அளவில என்டு 2022ல செய்தி வந்திச்சு. மீனை விட்டிட்டு சோறு சுத்துற லஞ்ச் சீற்றைப் பாருங்க.

பன்பாய்:
சரியான இடத்தில கை வைச்சீங்க. கல்லடிப்பாலத்துக்கு ஒரு கேள்வி: லேபலைக் கழட்டப் போறீங்களா? கழட்டினாக் கண்ணாடி மீன், ஆர் வித்த சாமான் என்டே தெரியாது. விட்டாலும் மை வெயிலுக்கு வெளுத்திரும். கழட்ட முதல் கொம்பனி வாரியா எண்ணி, கணக்கைப் பலகையில எழுதி மீனுக்குக் கிட்ட நடுங்க. குளிர்பானக் கொம்பனி அனுசரணை தாறன் என்டு பாவிக்காத புதுப் போத்தல் பெட்டி பெட்டியா அனுப்பினா? அதையும் மாட்டுவீங்களா?

கல்லடிப்பாலம்:
புதுப் போத்தல் ஒண்டும் மாட்ட மாட்டன். பலகை சரி, முதுகுக்கு ரெண்டு துளையும் சரி, கழட்டுறது ஒக்டோபர் முடிய முதல். மீனை விடமாட்டன். மூடிக்குப் பின்னால றப்பர் வளையம்தானே, ரெண்டு பேர் ஒரு நாளில கழட்டி 20 கிலோவையும் கடைக்குக் குடுக்கலாம். உங்கட பாயைக் கழட்டினா எங்க குடுப்பீங்க?

பன்பாய்:
எங்கயும் குடுக்க ஏலாது. அதுக்குத்தான் அதை இழைக்கச் சொன்னன்.