14 மாதப் பிள்ளைக்கு வீடியோ பாடம்: அந்த 6 முதல் 8 சொல் கணக்கு

சிங்கமலை (ஹட்டன்)
நேற்றிரவு பண்டாரவளை அப்பா எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவருடைய மகனுக்கு 14 மாதமாம். தினமும் இரண்டு மணி நேரம் கல்வி வீடியோ பார்க்கிறானாம். ஆங்கில எழுத்து 26-ஐயும் விரலால் தொட்டுக் காட்டுகிறானாம். சரி, சந்தோசம். அதோடு விட்டாரா? "பிள்ளைக்கு வீடியோ காட்டாதவர்கள் அதைத் தேயிலைக் கொழுந்து மலையிலேயே வைத்திருக்க ஆசைப்படுகிறவர்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

2007-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெற்றோரிடம் தொலைபேசியில் விசாரித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 8 முதல் 16 மாதப் பிள்ளைகளில், நாளுக்கு ஒரு மணி நேரம் குழந்தை வீடியோ பார்க்கிறவர்களுக்கு, பார்க்காதவர்களைவிட 6 முதல் 8 சொல் குறைவாகப் புரிந்தது. திரும்பவும் சொல்கிறேன், 6 முதல் 8 சொல். பேபி ஐன்ஸ்டீன் வீடியோக்களை விற்ற டிஸ்னி கம்பனி 2009-இல் வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. விற்றவனே காசைத் திருப்பிக் கொடுத்தான், நம் ஆள் பெருமைப்படுகிறார்.

பண்டாரவளை அப்பா
வணக்கம் சிங்கமலை அண்ணன். தூக்கம் கெட்டதற்கு மன்னிக்கவும். உங்கள் கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்கு 16 சொல் நட்டம். என் மகன் பேசுவதே மொத்தம் 12 சொல். ஆக 4 சொல் கடனில் இருக்கிறான். அந்த 4 சொல்லை நீங்களே கொடுத்து உதவுங்கள். வட்டி எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

26 எழுத்து உண்மை. சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். பிளேன்டீயும் கொடுப்போம்.

சிங்கமலை (ஹட்டன்)
பேசும் சொல் இல்லை தம்பி, புரியும் சொல். "பந்து எங்கே?" என்று கேட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கிறதே, அது. வாசிக்காமல் எழுதினால் இப்படித்தான். தினமும் 8 சொல் கழித்துக்கொண்டே போவதற்கு அது சங்கக் கடைக் கணக்கா? பார்க்கிற பிள்ளையையும் பார்க்காத பிள்ளையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வரும் வித்தியாசம். 6 முதல் 8.

கொட்டகலை டீச்சர்
சிறு பிள்ளைகளோடு பல வருசமாக முன்பள்ளி நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்த வருசம் ஒரு மூன்று வயதுப் பிள்ளை வந்தது. வட்டம், சதுரம், முக்கோணம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லும். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. என் கையைப் பிடித்துக் குடத்தடிக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு வார்த்தை போதும், "தண்ணி" என்று. வீடியோவில் தண்ணீர் கேட்கிற பாடம் இல்லை போலிருக்கிறது.

இன்னொன்று. நான் "அப்பிள்" என்று சொன்னால் "ஆப்பிள்" என்று என்னைத் திருத்துகிறது! அப்புறம், எல்லாரும் கல்வி வீடியோ, கல்வி வீடியோ என்கிறீர்களே, எதைச் சொல்கிறீர்கள்? பாட்டா, கதையா, எழுத்தா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

டேட்டா முடிந்தவன்
டீச்சர், அப்பிளை விடுங்கள். என் அக்கா மகன் வீட்டுக் கோழியைப் பார்த்து "ஹாய் நண்பர்களே" என்கிறான். கோழி இன்னும் சேனலில் சேரவில்லை.

பண்டாரவளை அப்பா
அப்பிள்தான் சரி, ஆப்பிள் தவறு என்று யார் டீச்சர் சட்டம் போட்டது? இந்தியாவில் ஏழு கோடிப் பேர் ஆப்பிள் என்கிறார்கள். அவர்கள் எல்லாரும் உங்கள் முன்பள்ளிக்கு வர வேண்டுமா?

கொட்டகலை டீச்சர்
நம் பாடப்புத்தகத்தில் அப்பிள்தான். நாம் இருப்பது இந்தியாவில் இல்லை. பாட்டன் பூட்டன் கப்பல் ஏறி வந்து 200 வருசம் ஆகிறது, தம்பி இன்னும் இறங்கவில்லை போலும்.

சிங்கமலை (ஹட்டன்)
அப்பிள் ஆப்பிள் சண்டையை வேறு இடத்தில் வையுங்கள். 2003-இல் இன்னொரு ஆய்வு. 9 மாத அமெரிக்கக் குழந்தைகள். ஒரு கூட்டத்தோடு சீன மொழி பேசுகிறவர்கள் 12 தடவை நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், கதை படித்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே கதை, ஆனால் டிவியில். நேரில் கேட்ட பிள்ளைகள் சீன ஒலிகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டன. டிவி பார்த்தவை ஒன்றையும் பிடிக்கவில்லை. கண் கொட்டாமல் பார்த்தால் படிக்கிறது என்று நினைக்கிறோம். ஆட்டுக்கல் சுற்றினாலும்தான் குழந்தை கண் கொட்டாமல் பார்க்கும்.

டேட்டா முடிந்தவன்
ஹட்டனில் சீன மொழி எதற்கு அண்ணன்? பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையோடு முற்றத்தில் விட்டால் ஆறு மாதத்தில் சிங்களம் வந்துவிடும். டேட்டாவும் மிச்சம்.

கொழுந்துக்கூடை
நானும் இரண்டு நாளாகப் படிக்கிறேன். எழுதுகிற ஆம்பிளைகளில் யாராவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரொட்டி சுட்டிருக்கிறீர்களா?

பகலில் என் பிள்ளை தோட்டத்துக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் இருக்கும். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, மூத்தவனின் உடுப்பைத் துவைத்துப் போட வேண்டும். அந்த முக்கால் மணி நேரம் போன்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் தவழ்ந்து நேராக அடுப்படிக்கு வரும். லயத்துக் காம்பராவில் அடுப்புக்கும் பாய்க்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று உங்களுக்குத் தெரியாதா? 6 சொல் குறைந்தால் குறையட்டும். கை கால் வேகாமல் இருந்தால் போதும்.

இன்னொருவர், வீடியோ காட்டாதவர்கள் பிள்ளையைக் கொழுந்து மலையில் வைத்திருக்கப் பார்க்கிறார்கள் என்கிறார். கொழுந்து மலை என்ன கேவலமா? நீங்கள் படித்தது எந்தக் கொழுந்தில் வந்த காசு?

சிங்கமலை (ஹட்டன்)
தங்கச்சி, நான் உங்களைச் சொல்லவில்லை. ஆனாலும் தகவலுக்காகச் சொல்கிறேன். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் சொன்னது: ஒரு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், ஒரு வயதுப் பிள்ளைக்கும் பரிந்துரை இல்லை, இரண்டு வயதிலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. முக்கால் மணி நேரம் என்றால் 6 சொல் பக்கம்...

கொழுந்துக்கூடை
தங்கச்சி என்று கூப்பிட வேண்டாம். என் வயது உங்களுக்குத் தெரியாது. முக்கால் மணி நேரத்துக்கும் கணக்குப் பார்த்துவிட்டீர்களே, எங்கள் கங்காணிகூடக் கால் கிலோவை விட்டுக் கொடுப்பார்.

ராகலைத் தாத்தா
பிள்ளைகளே, சண்டை வேண்டாம். எனக்கு ஒரு சந்தேகம். மகள் குவைத்தில் வேலை செய்கிறாள். பேத்திக்கு 20 மாதம், எங்களோடு இருக்கிறாள். தினமும் இரவில் மகள் வீடியோ கோலில் வருவாள். பிள்ளை போனை முத்தமிடும், சோற்றை ஊட்டப் போகும். இதுவும் கூடாதா? போன் அணைந்து கிடந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு "அம்மா" என்கிறாள். கிழவி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

சிங்கமலை (ஹட்டன்)
ஐயா, அது வேறு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் 18 மாதத்துக்குக் கீழே திரை வேண்டாம் என்றபோதே வீடியோ கோலுக்கு விலக்குக் கொடுத்தது. உங்கள் மகள் பிள்ளையின் பேரைச் சொல்கிறாள், சிரித்தால் சிரிக்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள். வீடியோ காத்திருக்காது. 2014-இல் வந்த ஓர் ஆய்விலும், 24 முதல் 30 மாதப் பிள்ளைகள் நேரில் பேசியவரிடமும் வீடியோ கோலில் பேசியவரிடமும் புதுச் சொல்லைக் கற்றன, பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. அதனால் நீங்கள் தாராளமாகப் பேசுங்கள். குறைவது பதிவு செய்த வீடியோவில்தான், 6 முதல் 8.

பண்டாரவளை அப்பா
அதே போன், அதே கண்ணாடி, அதே வெளிச்சம். தாத்தா வீட்டில் விலக்கு, என் வீட்டில் குற்றம்! தாத்தா மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நியாயம் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன்.

இப்போது நான் கொஞ்சம் வாசித்துவிட்டு வந்திருக்கிறேன், கேளுங்கள். நீங்கள் தலையில் வைத்து ஆடுகிற அந்த 2007 ஆய்வின் தரவை எடுத்து வேறு ஆய்வாளர்கள் மறுபடி கணக்குப் போட்டு 2014-இல் வெளியிட்டார்கள். அந்தத் தொடர்பு அப்படி ஒன்றும் உறுதியாக நிற்கவில்லை என்பது அவர்கள் முடிவு. அதோடு உங்கள் ஆய்விலேயே 17 முதல் 24 மாதப் பிள்ளைகளில் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. இதை ஏன் மறைத்தீர்கள்? என் மகனுக்கு இன்னும் மூன்று மாதம் போனால் உங்கள் 6 முதல் 8 தொலைந்தது.

சிங்கமலை (ஹட்டன்)
மறைக்கவில்லை. உங்கள் மகனுக்கு 14 மாதம், அதனால் 14 மாதத்துக்கு உரியதைச் சொன்னேன். டிஸ்னி தலைவரே கடிதம் எழுதி, அந்த ஆய்வைப் பற்றிப் பல்கலைக்கழகம் விட்ட பத்திரிகைக் குறிப்பைத் திரும்பப் பெறச் சொன்னார், பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. அது தெரியுமா? மறுகணக்குப் போட்டவர்கள் கெடுதல் உறுதியில்லை என்றார்கள். வீடியோ பார்த்துப் பிள்ளை அறிவாளியாகிறது என்று அவர்களும் சொல்லவில்லை.

2010-இல் வந்ததையும் படியுங்கள். 12 முதல் 18 மாதப் பிள்ளைகளுக்கு நான்கு வாரம் ஒரு பிரபல வீடியோவைக் காட்டினார்கள். பார்க்காத பிள்ளைகளைவிட ஒரு சொல்லும் கூடுதலாகக் கற்கவில்லை. வீடியோ இல்லாமல் பெற்றோரே அந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுத்த வீட்டில்தான் பிள்ளைகள் அதிகம் கற்றன. வேடிக்கை என்ன தெரியுமா? வீடியோவை விரும்பிய பெற்றோர்தான் தங்கள் பிள்ளை நிறையக் கற்றுவிட்டது என்று நம்பினார்கள். எனக்கு ஒரு வீடு ஞாபகம் வருகிறது. ஊர் பேர் சொல்ல மாட்டேன். பண்டாரவளைப் பக்கம்.

பண்டாரவளை அப்பா
ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தீர்களா? அண்ணனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்ட அனுபவம்கூட இல்லை, வந்துவிட்டார் 6 முதல் 8 என்று.

சிங்கமலை (ஹட்டன்)
ஆற்றில் ஆழம் என்று சொல்ல மூழ்கிக் காட்ட வேண்டியதில்லை. கல்யாணத்தை இழுக்கிறீர்கள் என்றாலே எண்ணுக்குப் பதில் இல்லை என்று அர்த்தம்.

கொட்டகலை டீச்சர்
எண், எண் என்று அதையே எத்தனை தடவை சொல்வீர்கள் சிங்கமலை? நான் கேட்ட கேள்விக்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. எது கல்வி வீடியோ? பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டினால்? அதைப் பேசலாமே.

சிங்கமலை (ஹட்டன்)
டீச்சர், நீங்கள் என் பக்கம்தான் என்று நினைத்தேன்.

கொட்டகலை டீச்சர்
நான் யார் பக்கமும் இல்லை. போன வருசம் சுரங்கத்தை ஹட்டனுக்கு எழுதி வைத்தீர்களே, அன்றிலிருந்து உங்கள் பக்கம் இல்லை.

டேட்டா முடிந்தவன்
வந்துவிட்டது சுரங்கம்! எங்கேடா காணோமே என்று பார்த்தேன்.

சிங்கமலை (ஹட்டன்)
மலையக ரயில் பாதையின் மிக நீளமான சுரங்கம் ஹட்டன் ஸ்டேசனுக்கும் கொட்டகலை ஸ்டேசனுக்கும் நடுவில் இருக்கிறது. கொழும்பிலிருந்து வருகிறவன் முதலில் பார்ப்பது ஹட்டனை. ஆகவே ஹட்டன். இதில் எழுதி வைக்க என்ன இருக்கிறது?

ராகலைத் தாத்தா
பதுளையிலிருந்து வந்தால் கொட்டகலைதானே முதலில் வரும் தம்பி?

பண்டாரவளை அப்பா
பாருங்கள், சுரங்கத்திலேயே ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறவர். ஆய்வை மட்டும் முழுதாகப் பார்த்திருப்பாரா?

கொழுந்துக்கூடை
பிள்ளை தூங்கிவிட்டது. போன் காட்டாமல்தான் தூங்க வைத்தேன், யாரும் கணக்கில் குறித்துக்கொள்ளலாம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போக வேண்டும், நான் படுக்கிறேன்.

சிங்கமலை (ஹட்டன்)
கடைசியாகக் கேட்கிறேன். உங்கள் மகன் 26 எழுத்தையும் தொட்டுக் காட்டுவதை ஒரு வீடியோ எடுத்துப் போடுங்கள். இடையில் வெட்டாமல். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பண்டாரவளை அப்பா
ஆகா! வீடியோ கூடாது என்று மூன்று நாளாகக் கத்தியவர் இப்போது வீடியோ கேட்கிறார்! எல்லாரும் சாட்சி.

சிங்கமலை (ஹட்டன்)
பார்க்கப் போவது நான். எனக்கு 14 மாதம் இல்லை.

டேட்டா முடிந்தவன்
அண்ணன் பார்த்தால் எத்தனை சொல் குறையும்? குறைந்தால் எங்களுக்கெல்லாம் நல்லதுதான்.

பண்டாரவளை அப்பா
ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். இப்போது பிள்ளைக்குத் தடிமன், மூடில் இல்லை.

சிங்கமலை (ஹட்டன்)
தடிமனாம். 26 எழுத்துக்கும் சேர்த்துத் தடிமன். 6 முதல் 8, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகலை டீச்சர்
சுரங்கம் கொட்டகலைக்குத்தான்.