சைட்பாட்டம் என்று சத்தமாகக் கூப்பிட்ட அனுபவம் உண்டா?

மதுரைக்காரி, ஸ்டாக்போர்ட்

இங்கே வட இங்கிலாந்தில், பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். திரையில் வந்த பெயரைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. சைட்பாட்டம். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், வந்த மூன்றாம் நாளே ஒரு பெரியவரைப் ‘பின்பக்கம்’ என்று கூப்பிடுவதா? யாரோ எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், சில குடும்பங்கள் கூச்சப்பட்டு ‘சிடி-போ-டோம்’ என்று இழுத்து மாற்றிச் சொல்வார்கள் என்று. நானும் அப்படியே இழுத்தேன்.

கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் மெதுவாக எழுந்தார். “எழுதியிருக்கிற மாதிரியே கூப்பிடும்மா. அறுபது வருஷமாகச் சிரிக்கிறார்கள், பழகிவிட்டது” என்றார்.

திரும்பிப் போகும்போது, ஒரு பக்க உதடு மரத்துப்போய்க் கோணியபடியே, சன்னல் வழியாகத் தெரிந்த பென்னைன் மலைகளைக் காட்டி விளக்கினார். அந்தப் பெயரில் ‘பாட்டம்’ என்பது பள்ளத்தாக்கின் அடித்தளம். ‘சைட்’ என்றால் பக்கம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அகலமானது என்று பொருள் தரும் ஒரு சொல். ஆக, அகன்ற பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்கள். நாம் நினைக்கிற அந்த அர்த்தம் ‘பாட்டம்’ என்ற சொல்லுக்கு வந்ததே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். குடும்பப் பெயர்கள் அதற்கு 400 வருஷம் முன்பே நிலைத்துவிட்டன. பெயர் அங்கேயே நின்றது, சொல்தான் கெட்டுப்போனது.

இப்படிப் பெயர்களோடு மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

தபால்காரன், டேம்சைட்

மாட்டிக்கொள்வதா? அக்கா, நான் தினமும் அவர்கள் வீட்டுக் கதவில்தான் கடிதம் போடுகிறேன். சைட்பாட்டம், ரோபாட்டம், விண்டர்பாட்டம், ஹிகின்பாட்டம். லண்டனில் நான்கு வருஷம் இருந்தேன், ஒருவரைக்கூடப் பார்த்த நினைவில்லை. இங்கே வந்தால் தெருவுக்கு ஒன்று என்று சொல்லலாம் போலிருக்கிறது. (மிகைதான். ஆனால் வந்த புதிதில் அப்படித்தான் தோன்றியது.)

காரணம் எளிது. லங்காஷயர், செஷயரின் கிழக்கு ஓரம், டெர்பிஷயரின் வடக்கு, மேற்கு யார்க்ஷயர், எல்லாம் பென்னைன் மலையின் மடிப்புகள். மடிப்புக்கு ஒரு பள்ளம், பள்ளத்துக்கு ஒரு பண்ணை, பண்ணைக்கு ஒரு குடும்பம். ரோபாட்டம் கரடுமுரடான பள்ளம். விண்டர்பாட்டம் குளிர்காலத்தில் ஆடுமாடுகளை ஓட்டிவந்து மேய்க்கிற பள்ளம். ஷஃபில்பாட்டம் என்று ஒன்று இருக்கிறது. ‘ஷஃபில்’ என்றால் காலை இழுத்து இழுத்து நடப்பது, அதனால் நடந்து காட்டச் சொல்லத் தோன்றும். அது செம்மறி ஆடுகள் தண்ணீர் குடிக்கும் ஊற்றுப் பள்ளம் என்கிறார்கள்.

மான்செஸ்டர் பிக்கடிலியிலிருந்து கிளாசாப் போகும் ரயிலில் ஏறினால் வழியில் பிராட்பாட்டம் என்று ஒரு ஸ்டேஷன். எட்ரோ ஆற்றுக்கு மேல் உயரமான பாலம், கீழே குறுகிய ஊர். பெயரை மட்டும் அகன்ற பள்ளம் என்று வைத்திருக்கிறார்கள். பாருங்கள், பிராட்பாட்டமும் சைட்பாட்டமும் ஒரே பொருள்தான், ஒன்று புதுச் சொல், ஒன்று பழைய சொல். அந்த ஊரில் பஞ்சாலை நடத்தியதும் சைட்பாட்டம் குடும்பம்தான். அவர்களுடைய மில் இடிந்து, அடித்தளச் சுவர்கள் மட்டும் ஆற்றங்கரையில் கிடக்கின்றன, போய்ப் பார்க்கலாம்.

இன்னொன்று. டாம் ஹாரப் சைட்பாட்டம் ஸ்டேலிபிரிட்ஜ் தொகுதிக்கு, வில்லியம் சைட்பாட்டம் ஹை பீக் தொகுதிக்கு, இரண்டு பேரும் 1885 முதல் 1900 வரை எம்பி. பெயரைக் கேட்டு ஊர் சிரித்திருந்தால் இத்தனை வருஷம் ஓட்டு விழுந்திருக்குமா?

கண்டிப் பொடியன்

நான் சைட்பொட்டத்தை நேரில் கண்டவன். 2007 டிசம்பர், கண்டி அஸ்கிரிய மைதானம். முரளி 709-ஆவது விக்கெட் எடுத்து ஷேன் வோர்னின் சாதனையை முறியடித்த அதே டெஸ்ட். முழு மைதானமும் முரளியைப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கும் என் சிநேகிதனுக்கும் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ரயன் சைட்பொட்டத்தின் சுருட்டை முடிதான் வேடிக்கை. இடக்கையால் பந்து வீச ஓடி வருவார், முடி அவருக்குப் பின்னால் தனியாக ஓடி வரும். ஸ்கோர்போர்ட்டில் பெயரைக் கண்டுவிட்டு நாங்கள் கதைத்த கதையை இங்கே எழுத ஏலாது.

அடுத்த மார்ச்சிலேயே அவர் ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை.

அவருடைய அப்பா ஆர்னி சைட்பொட்டம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் பந்து உதைத்தவர். கிரிக்கெட்டில் ஒரேயொரு டெஸ்ட்தான், 1985-இல் ட்ரென்ட் பிரிட்ஜில் அவுஸ்திரேலியாவோடு. இனித்தான் விசயம் இருக்கு. அதே அணியில் இயன் போத்தம் இருந்தார். போத்தம் என்பதும் இதே பொட்டம்தான்! பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வடிவம். ‘த’ சத்தம் போட்ட வடிவம் இவருக்கு வாய்த்தது, ‘ட’ போட்டது அவர்களுக்கு. போத்தம் பெயரைச் சொல்லி யாராவது சிரித்திருக்கிறீர்களா? 1980-இல் பம்பாயில் ஒரே டெஸ்டில் சதமும் அடித்து 13 விக்கெட்டும் எடுத்த மனுசன். அவரும் ஒரு பள்ளத்துக்காரன்தான்.

ரயில் பைத்தியம்

குடும்பப் பெயராக மட்டுமில்லை, ராம்ஸ்பாட்டம் என்று ஊரே இருக்கிறது, பரி நகருக்கு வடக்கே, இர்வெல் ஆற்றங்கரையில். நீராவி ரயில் பார்க்கப் போய், ஸ்டேஷன் பெயர்ப் பலகையோடு படம் எடுத்து வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் என் மாமாவிடமிருந்து பதில்: “ராமர் பாதம் பட்ட இடம்! ஆங்கிலேயன் மறைத்துவிட்டான்!”

மாமா, அது காட்டுப்பூண்டு. பழைய ஆங்கிலத்தில் அந்தச் செடியின் பெயர் அப்படித் தொடங்கும். செம்மறிக் கிடா என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் மே மாதம் அந்தப் பக்கத்துக் காட்டுப் பாதையில் ஒரு தடவை நடந்தால் எந்தக் கட்சி என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்: தரை முழுக்க வெள்ளைப் பூ, ரசம் தாளித்த வீடு மாதிரி வாசனை. நான் பூண்டுக் கட்சி.

(ரத்தப் புட்டிங் என்ற தொத்திறைச்சியைத் தூக்கி எறிந்து, உயரத்தில் அடுக்கி வைத்த யார்க்ஷயர் புட்டிங் என்ற மாவுப் பண்டத்தை அடித்து விழவைக்கிற போட்டி நடக்கிற ஊரும் இதுதான். அதைத் தனியாக எழுதுகிறேன்.)

டீச்சரம்மா, ஹடர்ஸ்ஃபீல்ட்

எல்லாரும் சிரிப்பாக எழுதுகிறீர்கள், சரி. என் வகுப்பில் இந்த ‘பாட்டம்’ பெயர்களில் ஒன்றோடு ஒரு பையன் இருந்தான். வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் பெயருக்கு முந்தைய பெயர் வந்ததுமே தலையைக் குனிந்துகொள்வான். நான் பிறகு முதல் பெயரை மட்டும் கூப்பிட ஆரம்பித்தேன். அடுத்த வருஷம் அம்மாவின் பெயரோடு வந்தான். இங்கே பெயர் மாற்றுவது பெரிய காரியமில்லை, ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

இது ஒரு பையன் கதையும் இல்லை. ரிச்சர்ட் வெபர் என்ற ஆய்வாளர் 1881 கணக்கெடுப்பையும் 2008 நிலவரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். காக் (கொச்சையில் ஆணுறுப்பைக் குறிக்கும் சொல்) என்ற குடும்பப் பெயர் 3,200 சொச்சத்திலிருந்து 785 ஆகிவிட்டது. ஷஃபில்பாட்டமும் தேய்ந்த பட்டியலில்தான். நாட்டின் மக்கள்தொகை இரு மடங்குக்கு மேல் பெருகிய காலம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். போர், நோய் எதுவும் வேண்டாம், பள்ளிக்கூட மைதானமே போதும்.

தபால்காரன், டேம்சைட்

அதையும் சொல்லுங்கள், இதையும் சொல்லுங்கள் டீச்சர். டிம்பர்லியில் ஃபிராங்க் சைட்பாட்டத்துக்கு வெண்கலச் சிலையே இருக்கிறது. உருண்டையான பெரிய காகிதக்கூழ்த் தலையை மாட்டிக்கொண்டு கிறிஸ் சீவி என்ற கலைஞர் நடித்த கோமாளிப் பாத்திரம் அது. 2010-இல் அவர் இறந்தார், 2013-இல் ஊரே சேர்ந்து சிலை வைத்தது.

செட்டிநாட்டுக்காரன்

ஐயா, அம்மா, எல்லாருக்கும் ஒரு விண்ணப்பம். என் தாத்தா பெயருக்கு முன்னால் ‘ப.’ என்று ஓர் எழுத்து உண்டு. பள்ளத்தூர். இங்கிலாந்தில் பிறந்திருந்தால் எங்கள் குடும்பப் பெயர் என்னவாகியிருக்கும் என்று இந்த இழையைப் படித்ததும் புரிந்துவிட்டது. மனைவியிடம் சொன்னேன். ஒரு மணி நேரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

மதுரைக்காரி, ஸ்டாக்போர்ட்

அண்ணா, வணக்கம் மிஸ்டர் பாட்டம்!

நேற்று அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். என் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையைப் பார்த்து, உன் குடும்பப் பெயர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டார். அது ஊர் இல்லை, என் அப்பாவின் பெயர் என்றேன். அப்படியென்றால் உன் பிள்ளைகளுக்கு? அவர்களுக்கு அவர்கள் அப்பா பெயர். அவர்கள் பிள்ளைகளுக்கு? அப்போது அவர்கள் அப்பா பெயர்.

“அப்போ ஒவ்வொரு தடவையும் புதுசா?” என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் யோசித்தார். “உன்கிட்டே சின்ன வயசிலேயே பேசியிருக்கணும் நான்.”

அடுத்த அப்பாயின்ட்மென்ட் வெள்ளிக்கிழமை. சத்தமாகவே கூப்பிடப்போகிறேன்.